பெத்தம்மா

மூக்கண்டப்பள்ளி
18-1-1987

அன்புள்ள அக்காவுக்குப் பவளம் எழுதுவது. நல்லபடியாக ஓசூர் வந்து சேர்ந்தேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது நீ கட்டிக் கொடுத்த எள்ளுருண்டைப் பொட்டலம் அவிழ்ந்து பாதி கீழே போய்விட்டது. மீதி இருக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பாவா தைலம் வாங்கி வந்தாரா, இன்றைக்கும் மறந்தாரா?

இங்கே பழைய கதைதான். எட்டு மணி நேரம் நின்றபடியே சுவிட்சுக்குள் சின்னச் சின்னக் கம்பிச் சுருள் வைக்கிறேன். கால் வீங்கிக் கொலுசு இறுக்குகிறது, கழற்றி வைத்துவிட்டேன். அறைக்கு வந்து சோறாக்கப் பிடிக்காமல் படுத்தால் விடிந்துவிடுகிறது.

பொங்கலுக்கு வந்த மூன்று நாளும் ரேணு என் மடிக்கு வரவில்லை. கிளம்பும்போது உன் முந்தானைக்குப் பின்னால் நின்று, "ஓசூரம்மா, போயிட்டு வா" என்று கை ஆட்டினாள். விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி. அவள் அப்பா கல் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்து அடுத்த மாசம் இரண்டு வருஷம். அப்போது வேறு வழி இல்லாமல் உன்னிடம் விட்டேன். இப்போது ஒரு வழி தெரிகிறது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அரசாங்க உதவியில் ஒரு காப்பகம் திறக்கப் போகிறார்கள். காலை எட்டுக்கு விட்டு மாலை ஆறுக்குக் கூட்டி வரலாம். பாலும் மதியச் சோறும் அங்கேயே. இருபத்தைந்து பிள்ளைகளுக்குத்தான் இடம், நான் பெயர் கொடுத்துவிட்டேன். பிறந்த தேதிக்கும் தாய் பெயருக்கும் அத்தாட்சி வேண்டுமாம். ரேணு வீட்டில் பிறந்தவள், எங்கேயும் பதியவில்லை. பால்வாடிப் பதிவேட்டைப் பார்த்து டீச்சர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். வாங்கி அனுப்பு அக்கா. என் பிள்ளை என்னோடு இருக்கட்டும்.

உன் தங்கை
பவளம்


மத்தூர்
9-2-1987

தங்கச்சி பவளத்துக்கு அக்கா நாராயணம்மாவின் ஆசி. மாட்டைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். மாட்டுக்குக் கால் நொண்டல். தைலம் வந்தது, ஆனால் உன் பாவா வாங்கி வந்தது தலைவலித் தைலம். "இடுப்புக்குத் தெரியவா போவுது?" என்கிறார். இந்த மனுஷனோடு பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன், எனக்கே மாலை போடணும்.

போன வியாழன் பால்வாடியில் எடை போட்டார்கள். பன்னிரண்டரைக் கிலோ! நம்புவாயா? நீ கொண்டுவந்து விட்டபோது இரண்டே கால் வயசுப் பிள்ளை ஏழு கிலோ. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. சவலைப் பிள்ளை, தங்காது என்று ஊரே சொன்னது. ஜெபசீலி டீச்சர்தான் தராசில் தூளி மாதிரித் தொங்கவிட்டுப் பார்த்து, சத்துக்குறைவில் மூணாம் தரம் என்று சொல்லி, சத்துமாவில் இரட்டைப் பங்கு எழுதினாள். மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்தாள். நான் இடுப்பில் வைத்துச் சுமந்தேன். இந்த இடுப்பு வலி சும்மா வந்ததா?

கோடு போட்ட அட்டையில் டீச்சர் புள்ளி வைத்துக் காட்டுவாள். "பாருங்க, பிள்ளை ஏறி வருது" என்பாள். புள்ளி மேல் கோட்டைத் தொட்ட அன்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டீச்சர் திருநெல்வேலிப் பக்கம். நம் வீட்டுத் தெலுங்கு அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ரேணு பாதித் தெலுங்கில் பாட்டுச் சொல்ல, அவள் தமிழில் திருத்த, ஒரே கூத்து. "பெத்தம்மா, பெத்தம்மா" என்று பிள்ளை நாள் முழுக்க என் காலைச் சுற்றுகிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மூக்கண்டப்பள்ளி
1-3-1987

அக்காவுக்கு வணக்கம். மாட்டின் கால் சரியாகிவிட்டதா? எனக்கு ஒரு வாரமாகச் சளி, அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக் கிலோ என்று படித்தேன். பக்கத்து மிஷின்காரியிடம் காட்டினேன். அவள் சிரித்தாள், பிள்ளைக்கு எடை வந்ததற்கு இப்படி ஒரு ஆனந்தமா என்று. அவளுக்கு என்ன தெரியும். நீ செய்ததை நான் மறக்கவில்லை அக்கா.

ஆனால் நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில் எங்காவது எழுதியிருப்பாயோ என்று. காப்பகத்தில் ஐந்து வயதுவரைதான் வைத்துக்கொள்வார்கள். இந்த ஜூனில் சேர்த்தால்தான் உண்டு. அப்புறம் இங்கேயே பள்ளிக்கூடம் போட்டுவிடலாம். டீச்சரிடம் கேட்டாயா? ஒரு வரி எழுது.

பவளம்


மத்தூர்
12-4-1987

பவளத்துக்கு அக்கா எழுதுவது. இங்கே நலம், உன் நலம் அறிய ஆசை. ஒரு மாசத்துக்கு மேல் பதில் போடவில்லை என்று கோபப்படாதே. ரேணுவுக்குத் தண்ணீர் அம்மை வார்த்திருந்தது. அம்மன் வீட்டில் இருக்கும்போது கடிதம் எழுதுவது எப்படி? மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்று. நர்சம்மாவும் டீச்சரும் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். இப்போது தழும்பு ஒன்றிரண்டுதான். உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், அதனால் சொல்லவில்லை.

காப்பகம் என்கிறாய். அத்தைக்கு முதலில் மீசை முளைக்கட்டும், அப்புறம் சித்தப்பா என்று கூப்பிடலாம். யார் பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள், ஏதாவது தெரியுமா? சாயங்காலம் நீ கால் வீங்கி வருவாய், பிள்ளைக்குக் கதை சொல்வாயா, கால் பிடிக்கச் சொல்வாயா? அவளுக்குக் களி சூடாக இருந்தால்தான் இறங்கும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா?

கோபித்துக்கொள்ளாதே. டீச்சர் அடுத்த மாசம் அத்தாட்சி எழுதித் தபாலில் போடுகிறேன் என்றாள்.

அக்கா


மூக்கண்டப்பள்ளி
20-5-1987

அக்காவுக்குப் பவளம் எழுதுவது. நலம் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு மனசு வரவில்லை.

அத்தாட்சி வந்தது. பிரித்துக்கூடப் படிக்காமல், அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காப்பகத்துக்கு ஓடினேன். பொறுப்பாளர் சாந்தம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

"ஏம்மா, இந்தப் பிள்ளையோட அம்மா பேரு நாராயணம்மான்னு இருக்குது. நீ யாரு?"

"நான்தாங்க அம்மா."

"அப்ப நாராயணம்மா?"

"எங்க அக்காங்க."

"அக்கா பிள்ளையக் கொண்டாந்து விட்டா, வேலைக்குப் போற தாய்க்கு உண்டான எடத்த நான் எப்படிம்மா தர்றது? அவுங்க வேலைக்குப் போறாங்களா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். தாயின் பெயர் நாராயணம்மா. தகப்பன் பெயர் கங்கப்பன். நம் பாவா. செத்துப்போன மனுஷன் பெயர்கூட இல்லை அக்கா. ரேஷன் கார்டிலும் அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் பிள்ளை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது. வெளியே வந்து வேலியோரம் நின்றேன், வயிற்றில் இருக்கும் பிள்ளைப்பேற்று வரியைக் காட்டவா முடியும்?

சாந்தம்மா நல்லவர். ஜூன் முப்பதுவரை இடத்தை வைத்திருக்கிறேன், திருத்திக் கொண்டுவா என்றார். அதற்குப் பிறகு காத்திருக்கும் வேறு பிள்ளைக்குப் போய்விடும். இது எப்படி நடந்தது? டீச்சரைக் கேட்டு உடனே எழுது.

பவளம்


மூக்கண்டப்பள்ளி
3-6-1987

மரியாதைக்குரிய ஜெபசீலி டீச்சர் அவர்களுக்கு வணக்கம். நான் உங்கள் பால்வாடியில் படிக்கும் ரேணுகாவின் தாய் பவளம். பொங்கலுக்கு வந்தபோது உங்களைத் தூரத்தில் பார்த்தேன், பேசவில்லை. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகம்தானே?

என் பிள்ளை பிழைத்தது உங்களால் என்று அக்கா எழுதுவாள். அந்த நன்றி எப்போதும் உண்டு. நீங்கள் கொடுத்த அத்தாட்சியில் தாய் என்று என் அக்கா பெயர் இருக்கிறது. அக்காவைக் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை. இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் திருத்தாவிட்டால் பிள்ளையை இங்கே சேர்க்க முடியாது. பிழை எங்கே என்று தயவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு
மு. பவளம்


மத்தூர்
9-6-1987

அன்புள்ள சகோதரி பவளத்துக்கு, கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிழை என்னுடையது. நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில்தான் ரேணுகாவும் வந்தாள். புதுப் பதிவேடு எழுதினேன். கூட்டி வந்தவர்கள் யார் என்று பிள்ளையைக் கேட்டேன். "பெத்தம்மா" என்றாள். எங்கள் ஊரில் பெத்தம்மா என்றால் பெற்ற அம்மாதான். இருந்தாலும் கேட்டுக்கொள்வோம் என்று உங்கள் அக்காளிடமே, "நீங்கதான் பெத்தம்மாவா?" என்றேன். "ஆமா, நான்தான் பெத்தம்மா" என்றார்கள். எழுதிவிட்டேன். தகப்பன் பெயருக்கு அவர்கள் வீட்டுக்காரர் பெயரைப் போட்டேன். பிள்ளை "ஓசூரம்மா" என்று சொல்லும்போதெல்லாம் ஓசூரில் இருக்கும் சித்தி என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஆயாம்மாவிடம் விசாரித்தேன். தெலுங்கில் பெத்தம்மா என்றால் தாயின் அக்காளாம், பெரியம்மாவாம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பது சும்மாவா?

மேலதிகாரியிடம் என் தவற்றை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டைத் திருத்த ஒரு வழி உண்டு. தான் பெற்ற தாய் அல்ல என்று உங்கள் அக்காள் கைப்பட எழுதி, ஊர்ப் பெரியவர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் இரண்டு தரம் வீட்டுக்குப் போனேன். முதல் தரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டார்கள். இரண்டாம் தரம் கதவு திறந்திருந்தது, கூப்பிட்டேன், யாரும் வரவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற வாடை மட்டும் வந்தது.

உங்கள் வேதனையில் பங்குள்ள
ஜெபசீலி


மூக்கண்டப்பள்ளி
14-6-1987

அக்கா,

நலம் கேட்டு எழுத எனக்குத் தெம்பு இல்லை. டீச்சர் எல்லாம் எழுதிவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று சொல். "ஆமா, நான்தான் பெத்தம்மா" என்று சொன்னாயே, அதைத் தெலுங்கில் சொன்னாயா, தமிழில் சொன்னாயா?

அந்தச் சொல்லைச் சொன்ன உன் வாயைக் குறை சொல்ல முடியாது, அது உண்மைதான். ஆனால் டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது என்று நீதானே எனக்கு எழுதினாய்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நீ என் வயிற்றையே வாங்கிக்கொண்டாயே அக்கா.

சண்டை போடத் தெம்பில்லை. முப்பதாம் தேதி என்பதை மறக்காதே.

பவளம்


மத்தூர்
25-6-1987

பவளம்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் பாவா கையில் கொடுத்தனுப்புகிறேன். திருத்திய அத்தாட்சி கூடவே இருக்கிறது. ரேணுவும் கூடவே வருகிறாள். முதலில் அவளைப் பார், அப்புறம் இதைப் படி.

உன் கடிதத்தைப் படித்த அன்று வளர்த்த கடா மார்பில் பாய்கிறதே என்று கத்தினேன். பாவா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கடா யாரு, மார்பு யாரு?" என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் பேசிய ஒரே உருப்படியான பேச்சு.

நீ கேட்டதற்குப் பதில். முதலில் தெலுங்கில்தான் சொன்னேன். சத்தியம். டீச்சர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். "தாய், நாராயணம்மா" என்றாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவள் நிமிர்ந்து, "சரிதானம்மா?" என்று தமிழில் கேட்டாள். நான் தமிழில் தலையாட்டினேன்.

ஊரில் வளைகாப்பு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் வளையல் போட முன்னால் விடமாட்டார்கள், சமையல்கட்டில் உட்கார வைப்பார்கள். உனக்குப் போட்டபோதும் அங்கேதான் இருந்தேன், நீ கவனித்திருக்க மாட்டாய். பால்வாடியில் தாய்மாருக்கு என்று தனிப் பாய் போடுவார்கள். டீச்சர் அட்டையைக் கையில் கொடுத்து, "இப்படி உக்காருங்க" என்று அந்தப் பாயைக் காட்டினாள். உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மாசமும் திருத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் போவேன். எடை போட்டு, புள்ளி வைத்து, ஒரு படி ஏறியிருக்கும். அந்த சந்தோஷத்தில் அன்றைக்குச் சொல்ல மனசு வராது. இப்படியே இரண்டு வருஷம்.

செவ்வாய்க்கிழமை போய் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் கிளாஸ் படித்தவளுக்கு எழுத்து வரும், ஆனால் "பெற்றவள் நான் அல்ல" என்பதில் "அல்ல"வைப் போடக் கை ஓடவில்லை. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. ஊர்ப் பெரியவர் நாராயணப்பனும் இன்னொருவரும் சாட்சி போட்டார்கள். ஊருக்குத் தெரிந்த விஷயம்தானே, எனக்குத்தான் மறந்துபோனது.

பையில் எடை அட்டை இருக்கிறது, தொலைத்துவிடாதே. களி சூடாகக் கொடு. தூங்கும்போது உன் காது மடலைப் பிடிப்பாள், தட்டிவிடாதே. நான் வரவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட என்னால் முடியாது.

என்னை மன்னி என்று கேட்க வாய் வரவில்லை. நீ சாப்பிடு.

நாராயணம்மா


மூக்கண்டப்பள்ளி
12-7-1987

அன்புள்ள அக்காவுக்குப் பவளம் எழுதுவது. இங்கே நானும் ரேணுவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் இடுப்பு எப்படி? பாவா டீகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். போகும்போது தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் வளைகாப்பை நினைத்துப் பார்த்தேன். நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. அதற்குத்தான் அக்கா எனக்கு அழுகை வந்தது.

காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. நல்ல இடம். காலையில் பால், பதினொன்றுக்குச் சுண்டல், மதியம் சோறும் கீரைக் குழம்பும். படுக்கப் பாய், விளையாட மரக் குதிரை. நர்ஸ் வந்து ஊசி அட்டையைப் பார்த்துவிட்டு, "யார் வளத்தது? ஒண்ணுகூட விடாம போட்டிருக்காங்களே" என்றார். வேலையில் நிற்கும்போது பிள்ளை எங்கே, என்ன ஆனாள் என்ற பயம் இல்லாமல் நிற்கிறேன். அதுவே பாதிக் கால்வலியைக் குறைக்கிறது.

ஆனால் ரேணு சாப்பிடவில்லை. முதல் நான்கு நாள் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பெத்தம்மா காவால" என்று அழுதாள். பெத்தம்மா வேண்டும் என்கிறாள் என்று ஆயாவுக்கு நான்தான் சொன்னேன். நான் சூடாகத்தான் களி கிண்டுகிறேன், கட்டி விழுகிறது. என் காது மடலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாள். போன வெள்ளி எடை போட்டார்கள். பன்னிரண்டு கிலோ. உன் அட்டையிலேயே புள்ளி வைத்தார்கள், கீழே இறங்கியிருக்கிறது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மறைத்து எழுதியதெல்லாம் போதும்.

நேற்று சாந்தம்மா ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். பிள்ளையைக் கூட்டிப்போக வரலாம் என்று தாய் அனுமதிக்கும் ஆட்கள் யார் என்று அதில் ஒரு கட்டம். நான் உன் பெயரைச் சொன்னேன்.

"உறவு?" என்றார்.

"பெத்தம்மா."

அவர் ஓசூர்க்காரர், மூன்று பாஷையும் தெரியும். விஷயம் புரிந்து சிரித்துவிட்டார். "அட, இந்த ஒரு சொல்லாலயா இத்தன அலைச்சலு? பெரியம்மான்னு தமிழ்ல எழுதிடறேன்."

"வேணாங்க. பெத்தம்மான்னே எழுதுங்க."

"ஏம்மா, மறுபடியுமா? நாளைக்கு யாராச்சும் பாத்தா பெத்த அம்மான்னுதான் படிப்பாங்க."

"படிக்கட்டுங்க" என்றேன்.

எழுதிவிட்டார். கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வா, ஒரு வாரம் இரு, களி கிண்டக் கற்றுக் கொடு. திங்கட்கிழமை சாயங்காலம் என்னை எதிர்பார்க்காமல் நீயே போய் ரேணுவைக் கூட்டி வா. கேட்டில் யார் என்று கேட்பார்கள். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்.

உன் தங்கை
பவளம்